வட்டத்துக்குள் வைக்காத புள்ளி

செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. துறை நூலகத்தில் இருந்தேன். ஆய்வு முன்மொழிவின் மூன்றாவது வரைவு, நான்காம் பக்கம். செல்பேசியில் முனியசாமியின் மகள் செல்வியின் குரல்.

"அக்கா, அய்யா போயிட்டாக."

எங்கே என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். அவள் சொன்னாள்: "மிளகாக் காட்டுல. இன்னைக்கு மொதப் பறிப்பு. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாகளாம். அம்புட்டுத்தான்."

திறந்திருந்த நான்காம் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. பெயர் இல்லாமல். அந்த வரியைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட முடியாது.

முனியசாமியை உங்களுக்குத் தெரியும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ராமநாதபுரத்தில் நடக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சை முகாமுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் நீங்கள். அவரும் அப்படி வந்தவர். முதுகுளத்தூருக்குத் தெற்கே மிளகாய் போடும் விவசாயி. மகன் பாண்டிக்குப் பதினொரு வயது, தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். பஸ்ஸுக்குள்ளும் அவனைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். நான் அவரை முதலில் பார்த்தது அந்தப் பஸ்ஸில்தான்.

"அண்ணே, பயலுக்கு அர டிக்கெட்டு போடவா?" என்றார் கண்டக்டர்.

"தோள்ல இருக்கறவனுக்கு எதுக்கு டிக்கெட்டு? அவன் ஒம் பஸ்ஸத் தொடவே இல்லையே."

"அப்ப ஒங்களுக்கு ரெண்டு போடுறேன். கனமா இருக்கீக."

பாண்டி மேலிருந்து சிரித்தான். அவன் கையில் ஒரு காய்ந்த மிளகாய், எங்கள் பக்கத்துக் குண்டு வத்தல். கிலுகிலுப்பை போல ஆட்டிக்கொண்டிருந்தான். முனியசாமியின் சட்டைப் பையில் எப்போதும் நாலு வத்தல் கிடக்கும். வியாபாரிக்குக் காட்ட மாதிரி என்பார். பாதி பாண்டியின் கைக்குத்தான் போகும்.

நான் மரபியல் ஆலோசனை படிக்கிறேன். தலைமுறை வழியாக இறங்கும் நோய்களைப் பற்றி அந்தந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் வேலை. பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அதற்கு முன், என்ன கேள்வி, யாரிடம் கேட்கப் போகிறேன், அதனால் யாருக்காவது கெடுதல் வருமா என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த எழுத்துத்தான் முன்மொழிவு. என் முதல் வரைவின் கேள்வி: சொந்தத்தில் மணமுடிப்பவர்களுக்கு அதிலுள்ள ஆபத்து தெரியுமா? நெறியாளர் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: "இதில் உனக்குத் தெரியாதது என்ன?" எனக்கு அது விளங்கவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் முதன்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வத்தல் மூட்டைகளோடு பரமக்குடி போயிருந்தார். மனைவி பஞ்சவர்ணமும் பஞ்சவர்ணத்தின் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா முனியசாமியின் உடன்பிறந்த அக்கா. அக்கா மகளைக் கட்டியவர் அவர். குடும்ப வரைபடம் போட்டேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குக் கறுப்பு. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு நடுவே ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோடு. பஞ்சவர்ணத்தோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"தங்கச்சி ஒருத்தி. சாந்தி," என்றார் பஞ்சவர்ணம். "அவளுக்கு இப்பத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தசைச் சிதைவு' என்று மட்டும் இருந்தது. அதில் பல வகை உண்டு. சில வகைகள் சொந்தத்தில் மணப்பதால் கூடுதலாக வருபவை. சில அப்படி அல்ல.

சாயங்காலம் முனியசாமி வந்தார். முகம் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்து, "எதுனால தாயி இது?" என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மாணவி, சொல்லும் உரிமை எனக்கில்லை என்றாவது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா மகளக் கட்டுனதாலதாண்ணே இருக்கும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

அடுத்த மாதம் பஸ் ஏறியபோது அதே கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏங்க, நீங்கதான முனியசாமி அண்ணனுக்குச் சொன்னது? எனக்கு மாமா மக இருக்கு. கட்டலாமா, கட்டக் கூடாதா?" என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. முனியசாமி டீக்கடையில் சொல்லியிருக்கிறார், காட்டில் சொல்லியிருக்கிறார், கோயில் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். எல்லாம் என்னாலதான், படிச்ச பிள்ளையே சொல்லிருச்சு. என் ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. வாங்க வேண்டியிருக்கும் என்றும் அப்போது தெரியாது.

அன்று அவர் களத்தில் இருந்தார். வத்தல் சிவப்பாக விரிந்து கிடந்தது. அக்கா ஒரு பக்கம் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார் முனியசாமி.

"ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். ஏன் தாயி, பொம்பளைய உருட்டி விட்டுறலாம்னா?"

"உலகம் பூரா அப்படித்தாண்ணே போடுவாங்க."

"உலகத்துல வத்தலா வெளையுது? நான் போடுறேன் பாரு. குண்டு வத்தல் பொம்பள. நீள வத்தல் ஆம்பள. இங்கன உக்காரு."

தரையில் வைக்கத் தொடங்கினார். வளைந்த நீள வத்தல் ஒன்று: "இது நான்." ஆகப் பெரிய குண்டு வத்தல்: "இது அக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

"ஏலே முனியா, வேல கெடக்கு, ஒனக்கு வெளையாட்டா?" என்றார் அக்கா, நிமிராமல்.

ஒவ்வொரு வத்தலையும் வைப்பதற்கு முன் காதோரம் ஆட்டிப் பார்த்தார். காய்ந்திருந்தால் உள்ளே விதை சத்தம் போடும், இல்லையென்றால் திரும்பவும் வெயிலில் போட வேண்டும் என்றார். அக்காவுக்குக் கீழே பஞ்சவர்ணம், ஒரு குண்டு. கடைசியில் சாந்தி, இன்னொரு குண்டு. இரண்டுக்கும் நடுவில் வெளுத்துப்போன நீள வத்தல் ஒன்றை வைத்தார்.

"இது யாரு?"

அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா மகன். பஞ்சவர்ணத்துக்கு எளையவன். பன்னெண்டு வயசுல போயிட்டான். கடைசி ரெண்டு வருசம் தூக்கித்தான் வச்சுக்கிட்டோம்."

"அன்னைக்குச் சொல்லலையே."

"அன்னைக்கு நான் இல்லையே. நீ என்ன கேட்ட?"

"கூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு."

"இருக்கவகளத்தான சொல்லுவாக? பொண்ணுக்குப் பரிசம் பேசுற வீட்டுல செத்த பிள்ளை பேர எடுப்பாகளா? கேட்டதுக்குச் சொன்னாக தாயி. கேக்காததுக்கு யாரு சொல்லுவா?"

அக்கா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். தரையிலிருந்த வத்தல்களை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு மகன். மகளுக்கு ஒரு மகன். இருவருக்கும் ஒரே நோய். முதல் வருடப் பாடம் அது. நோயைப் பெண் கடத்துவாள், தனக்குத் தெரியாமலே. மகனுக்கு வரும். வரைபடத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்போம். நான் எந்தப் புள்ளியும் வைத்திருக்கவில்லை.

ஆடியில் பரிசோதனை முடிவு வந்தது. பெண் வழியாக இறங்கும் வகைதான். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது முனியசாமி மட்டும் உள்ளே இருந்தார். பாண்டிக்கு வாந்தி வருகிறது என்று பஞ்சவர்ணம் அவனைக் குழாயடிக்குக் கொண்டுபோயிருந்தார். வெளியே வந்ததும் நான் வேகமாகச் சொன்னேன்: "அண்ணே, நான் சொன்னது தப்பு. அக்கா மகளக் கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுல ஒங்க பங்கு எதுவுமே இல்ல."

அவர் மேலிருந்து ஒரு பாரத்தை இறக்குவதாக நினைத்துச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அக்கா வழியா," என்றார். ஒரு விரலை மடக்கினார். "பஞ்சவர்ணம்." இன்னொரு விரல். "சாந்திக்கு இருக்கலாமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"செல்வி?"

நாலாவது விரலையும் மடக்கினார்.

"எம் மேல வச்சுக்கிட்டப்ப வைக்க எடம் இருந்துச்சு தாயி. இப்ப நாலு பேரு மேல கொண்டுபோயில்ல வைக்கச் சொல்லுற."

யார் குற்றமும் இல்லை என்று பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "நீ யாருகிட்டயும் பேசாத. நாங்க பேசிக்கிறோம்," என்றார். அதற்குள் பஞ்சவர்ணம் பிள்ளையோடு வந்தார். "என்ன மாமா சொன்னாக?"

"ஒண்ணும் இல்ல. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இதை நான் என் காதால் கேட்டேன். அன்று முதல் எனக்கு ஒரே நினைப்பு. சாந்திக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கல்யாணம் நிற்கலாம். தெரியாவிட்டால் நாளை ஒரு குழந்தை. நான் சொல்லக் கூடாது, எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார். இரண்டாம் வரைவில் அவருக்கு ஒரு பெயர் வைத்தேன்: 'தகவலை மறைக்கும் குடும்பத் தலைவர்.' ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று நெறியாளரிடமும் சொன்னேன்.

ஆவணியில் சாந்தியின் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் யாரோ பாண்டியைப் பற்றி விசாரித்தார்கள். "அக்கா மகளக் கட்டுனேன்ல, அதான்," என்றார் முனியசாமி, சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே. மணமேடையில் சாந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம், முகாமில் பார்க்கும்போதெல்லாம், சொல்லியாகிவிட்டதா என்று கேட்க நினைப்பேன். கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்வது? கேட்கவில்லை.

மாசியில் செல்வியின் போன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எரியூட்டிவிட்டார்கள். டீக்கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அக்கா மகளக் கட்டிப் பயல இப்படி ஆக்கிட்டமேன்னு உள்ளுக்குள்ளயே வச்சு வச்சு, நெஞ்சு வெடிச்சிருச்சு மனுசனுக்கு," என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அது என் வாக்கியம். அவருடைய சாவுக்குக் காரணமாக அது அங்கே உட்கார்ந்திருந்தது. உண்மை தெரிந்தவர் போய்விட்டார் என்றும், இனி அதைக் கையில் வைத்திருப்பது நான் ஒருத்திதான் என்றும் நினைத்தேன். பதினாறு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஞ்சவர்ணம் என்னைக் களத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தாயி," என்றார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வாரப்ப, பஸ்ஸுலயே சொல்லிட்டாக. சட்டைப் பையில கெடந்த வத்தல எடுத்து எங் காதுக்கிட்ட ஆட்டுனாக. வெளிய பாத்தாத் தெரியுதா, உள்ள சத்தம் கேக்குதுல்ல, அது வத்தலோட குத்தமான்னு கேட்டாக. எனக்கு வெளங்கிருச்சு. பரமக்குடி வரைக்கும் அழுதேன். எறங்கி டீ வாங்கிக் குடுத்தாக."

"சாந்திக்கு?"

"மூணாம் நாளே நாஞ் சொல்லிட்டேன். மாப்பிள்ளைகிட்ட நானே பேசிக்கிறேன்னா. பேசுனா. அவரு ஒரு வாரம் யோசிச்சுட்டு, சரி, கட்டிக்கிறேன், பிள்ளை விசயம் டாக்டர்கிட்டக் கேட்டுக்கிட்டுப் பாப்போம்னாரு. அதுக்கப்பறந்தான் பத்திரிகையே அடிச்சோம்."

ஏழு மாதம். மூன்று நாளில் அவர்கள் முடித்த காரியத்தை நான் ஏழு மாதம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவர்மீது ஒரு தீர்ப்பையும் எழுதி வைத்துக்கொண்டு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே," என்றார் பஞ்சவர்ணம். அழுத முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. முனியசாமியின் பேச்சு அது. இருவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு சொன்னார்: "ஊருக்கு எம் பேரே இருக்கட்டும்னு அவுகதான் சொன்னாக. செல்விக்காக. நாங்களும் பேசாம இருந்தோம். இப்ப அந்தப் பழியாலதான் செத்தாகன்னு சொல்றாக. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. நம்ம ஆளுக கூடுற எடத்துல வாசிக்கிற மாதிரி எழுதிப் போடு தாயி. அவுக மேல இருந்து அத எடுத்து விடு."

நான் பயந்தேன். இப்போதும் பயம்தான். செல்விக்குப் பதினெட்டு. அவளிடம் தனியாகக் கேட்டேன். "எனக்காக அய்யா பேரு கெட வேணாம். என்னயக் கேட்டு வாரவன் தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்," என்றாள். சாந்தியிடமும் கணவரிடமும் கேட்டேன். சரி என்றார்கள். எழுதியதை அந்த வீட்டில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தேன். பஞ்சவர்ணம் இரண்டு இடங்களில் கையைக் காட்டினார். அவற்றை எடுத்துவிட்டேன். முனியசாமியின் அக்கா மூலையில் இருந்தார். வெளுத்த வத்தல் வந்த இடத்தில், "ராசு," என்றார்.

எல்லோரும் திரும்பினோம்.

"அவன் பேரு ராசு. அதையும் போடு."

போட்டுவிட்டேன்.

எனவே, முனியசாமியை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்கிறேன். சொந்தத்தில் மணப்பதால் கூடும் நோய்கள் உண்டு. பாண்டியின் நோய் அவற்றில் ஒன்றல்ல. முனியசாமி அக்கா மகளைக் கட்டியதால் பாண்டிக்கு இது வரவில்லை. யார் செய்த எதனாலும் வரவில்லை. நான் சொன்னது தவறு. அது தவறென்று தெரிந்த பிறகும் ஏழு மாதம் அவர் அதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் பக்கத்து வரியை அடித்துவிட்டேன். 'தகவலை மறைக்கும் குடும்பத் தலைவர்' இப்போது எந்த வரைவிலும் இல்லை. ஆய்வின் கேள்வியும் மாறிவிட்டது. ஒரு வீட்டில் இந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? நாங்கள் இல்லாதபோது அவர்கள் அதை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? இது எனக்குத் தெரியாது. நெறியாளர் இம்முறை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. முன்மொழிவு அடுத்த வாரம் நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. ஒப்புதல் கிடைக்குமா, தெரியவில்லை.

வினாப்பட்டியலின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். எல்லாம் கேட்டு முடித்து, பேனாவை மூடிய பிறகு கேட்பதற்கு: "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

முனியசாமியிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.